லேசிக் செய்த கண்ணோடு அமெரிக்க ராணுவத்தில் சேர மருத்துவ வேவர் வாங்குவது எப்படி?

கிரீன் கார்டோடு அமெரிக்காவுக்கு வந்து ராணுவத்தில் சேர ஆசைப்படும் நம் பிள்ளைகளில் பலர் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறார்கள்: "எனக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கே, எடுப்பாங்களா?" எனக்கும் இதே கேள்விதான். சென்னையில் லேசிக் என்கிற லேசர் கண் அறுவை செய்துகொண்டு, பிறகு குடும்பத்தோடு இங்கே வந்தேன். அறுவைக்கு முன்பிருந்த பவர், விதி அனுமதிக்கும் எல்லையை ஒரு மயிரிழை தாண்டியிருந்தது. மருத்துவத் தகுதி இல்லை என்றார்கள். வேவர், அதாவது விதிவிலக்கு, கேட்டோம், கிடைத்தது, இப்போது ஆர்மியில் இருக்கிறேன். இடையில் பட்ட அலைச்சலில் பாதிக்குமேல் தேவையே இல்லாதது. அது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வேவர் தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் டாக்டர் பெரும்பாலும் உங்களை நேரில் பார்க்கவே மாட்டார். வேறு ஒரு மாநிலத்தில் உட்கார்ந்து உங்கள் கோப்பைப் படிப்பார். உங்கள் கண் எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்பதை அந்தக் காகிதங்கள்தான் அவரிடம் சொல்ல வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கோப்பை ஓட்டை இல்லாமல் கட்டுவதற்கான வழிதான்.

இது சாதாரண வீரராகச் சேர்பவர்களுக்கானது. அதற்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். எஃப்-1, எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இப்போது வழி இல்லை. அதிகாரியாகச் சேரக் குடியுரிமை கட்டாயம்.

1. வேவர் தேவையா என்று முதலில் பாருங்கள்

இந்திய ராணுவத் தேர்வை மனதில் வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டாலே தள்ளிவிடுவார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். இங்கே அப்படி இல்லை. கண்ணாடி போடுவது ஒரு குறையே அல்ல. கண்ணாடி போட்ட பிறகு ஒவ்வொரு கண்ணிலும் தூரப் பார்வை 20/40 (நம் ஊர்க் கணக்கில் 6/12) அளவுக்கு வந்தால் போதும்.

எல்லா விதிகளும் பாதுகாப்புத் துறையின் 6130.03 என்ற எண்ணுள்ள அறிவுறுத்தலின் முதல் தொகுதியில் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அவ்வப்போது திருத்துவார்கள், அதனால் கடைசித் திருத்தம் வந்த பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஒரு பகுதி, பார்வைக்கு ஒரு பகுதி, இரண்டும் சேர்ந்தே சில பக்கங்கள்தான். கட்டாயம் நீங்களே படியுங்கள். ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டருக்கு ஆயிரம் வேலை, உங்கள் கண்ணைப் பற்றிய வரியை அவர் உங்களுக்காகத் தேடிப் படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

அதில் நமக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

அறுவை செய்யாதவர்களுக்கு: கண்ணாடி பவர் பிளஸ்ஸோ மைனஸோ 8.00-ஐத் தாண்டக் கூடாது. சிலிண்டர், அதாவது சீட்டில் அஸ்டிக்மாடிசத்துக்காக எழுதும் எண், 3.00-ஐத் தாண்டக் கூடாது. இதற்குள் இருந்தால், ராணுவத்துக்காக என்று அவசரப்பட்டு லேசிக் செய்துகொள்ளவே வேண்டாம். செய்தால் புதிதாக ஒரு காத்திருப்புதான் தொடங்கும்.

லேசிக், பிஆர்கே போன்ற லேசர் சிகிச்சை செய்தவர்களுக்கு: அறுவைக்கு முன் இருந்த பவருக்கும் அதே 8.00, 3.00 எல்லைதான். அதோடு, மெப்ஸ் என்கிற ராணுவச் சேர்ப்பு மையத்தின் மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது அறுவை முடிந்து 180 நாள் ஆகியிருக்க வேண்டும். தொடர்ந்து சொட்டு மருந்து தேவைப்படும் நிலையில் இருக்கக் கூடாது. பவர் நிலைத்திருக்கிறது என்று இரண்டு தனித்தனிப் பரிசோதனைகள் காட்ட வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தால் லேசிக் செய்தவருக்கும் வேவர் தேவையில்லை. காகிதங்களைக் காட்டினால் போதும்.

கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் இருந்தால் அது எந்த அளவில் இருந்தாலும் தகுதியின்மைதான். கருவிழியைக் கெட்டிப்படுத்தும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை செய்து அது நின்றுவிட்டிருந்தாலும், கெரட்டோகோனஸ் இருந்தது என்ற வரலாறு அழிந்துவிடாது, வேவர் கேட்டே ஆக வேண்டும். கண்ணாடியில் சரியாகாமல் காண்டாக்ட் லென்ஸ் போட்டால்தான் தெரியும் என்கிற நிலையும் தகுதியின்மைப் பட்டியலில் வருகிறது. கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் ஐசிஎல் செய்தவர்கள், லேசர் சிகிச்சைக்கான விதியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது லென்ஸ் என்ற வேறு தலைப்பில் வருகிறது.

நிறக்குருடு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பொது விதியில் அது சேர்வதற்கே தடையாக இல்லை. எந்தெந்த வேலைக்கு நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதை ஒவ்வொரு படையும் தானே முடிவு செய்துகொள்கிறது. சில வேலைகள் கிடைக்காமல் போகும், அவ்வளவுதான்.

2. பவரை நீங்களே கணக்கிடுங்கள்

8.00 என்ற எல்லை, சீட்டில் ஸ்பியர் என்று எழுதும் முதல் பவர் எண்ணுக்கு அல்ல. ஸ்பெரிக்கல் ஈக்விவலன்ட் என்று ஒன்று கணக்கிடுவார்கள், அதற்குத்தான் இந்த எல்லை. கணக்கு எளிது: ஸ்பியரோடு சிலிண்டரில் பாதியைக் கூட்ட வேண்டும்.

என் வலக்கண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அறுவைக்கு முந்தைய சீட்டில் ஸ்பியர் -7.50, சிலிண்டர் -1.25. பார்த்தால் 8-க்குள்தான் இருக்கிறது. சிலிண்டரில் பாதி -0.625. கூட்டினால் -8.125. எல்லை தாண்டிவிட்டது. இடக்கண்ணில் -7.25, -0.75. கூட்டினால் -7.625, அது எல்லைக்குள். ஒரு கண் தாண்டினாலும் தாண்டியதுதான்.

தலைகீழாகவும் நடக்கும். சில டாக்டர்கள் சிலிண்டரைப் பிளஸ்ஸில் எழுதுவார்கள். சீட்டில் -8.25, +1.50 என்று இருந்தால் பயந்துவிடாதீர்கள். பாதி +0.75, கூட்டினால் -7.50. வேவரே தேவையில்லை.

காண்டாக்ட் லென்ஸ் சீட்டை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. மைனஸ் பவர் அதிகமுள்ளவர்களுக்குக் கண்ணாடி பவரைவிட லென்ஸ் பவர் குறைவாகவே இருக்கும். அதைப் பார்த்து எல்லைக்குள் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போய், மெப்ஸில் வேறு எண் வந்து நின்றால் கஷ்டம்.

3. ஊரிலிருந்து பழைய கோப்பை வரவழையுங்கள்

அதிக நேரம் தின்னும் படி இதுதான். ரெக்ரூட்டரைப் பார்க்கப் போவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

அறுவை செய்த மருத்துவமனையில் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு இருக்கும், எம்ஆர்டி என்பார்கள். அங்கே எழுத்தில் கேளுங்கள். ஃபோனில் கேட்டால் "பார்த்துச் சொல்றோம் சார்" என்பதோடு நின்றுவிடும். நீங்கள் இங்கே இருப்பதால் அப்பாவோ அண்ணனோ போய் வாங்கலாம். அவர்கள் கையில் நீங்கள் கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதம், உங்கள் பாஸ்போர்ட் நகல், அவர்களுடைய ஆதார் நகல், உங்கள் எம்ஆர் எண் (மருத்துவப் பதிவு எண்) எல்லாம் இருக்கட்டும். எம்ஆர் எண் பழைய பில்லிலோ மருந்துச் சீட்டிலோ இருக்கும்.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. கடிதத்தில் அதை மரியாதையாக ஒரு வரி குறிப்பிட்டால் வேலை நடக்கிறது. அதே விதிகள், மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்களின் பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்றும் சொல்கின்றன. கண் மருத்துவமனைகள் பல, அதற்கு மேலும் வைத்திருக்கின்றன. ஆனாலும் நம்பிக்கொண்டு தள்ளிப்போடாதீர்கள்.

என்னென்ன கேட்க வேண்டும்:

- அறுவைக்கு முன் எடுத்த பவர் பரிசோதனைச் சீட்டு. தேதி, இரு கண்களின் ஸ்பியர், சிலிண்டர், ஆக்ஸிஸ் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். கோப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது.
- கருவிழியின் வரைபடம், தடிமன் அளவு. பென்டாகேம் அல்லது டோபோகிராஃபி என்று வண்ணப் படமாக இருக்கும். வண்ணத்திலேயே நகல் கேளுங்கள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் ஒன்றும் புரியாது.
- அறுவைக் குறிப்பு. லேசிக்கா பிஆர்கேயா, எந்தத் தேதி, எந்தக் கண்கள்.
- அறுவைக்குப் பின் போன ஒவ்வொரு செக்அப்பின் குறிப்பும்.

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் ஒரு பக்கம் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது போதாது.

வாங்கியதும் நான்கு விஷயங்களைப் பாருங்கள். இவை நம் ஊர்க் கோப்புகளுக்கே உரிய சிக்கல்கள். அமெரிக்காவில் யாரும் உங்களுக்கு இதைச் சொல்ல மாட்டார்கள்.

பெயர். மருத்துவமனையில் "எஸ். கார்த்திக்" என்று இருக்கும். கிரீன் கார்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராகி "கார்த்திக் செல்வராஜ்" என்று இருக்கும். கோப்பைப் படிப்பவருக்கு இது இரண்டு ஆட்கள். பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயர், பிறந்த தேதி, எம்ஆர் எண் மூன்றையும் போட்டு, இருவரும் ஒருவரே என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள்.

தேதி. 05/08 என்று இருந்தால் நமக்கு அது ஆகஸ்ட் 5. இங்கே மே 8. கடிதத்தில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 180 நாள் கணக்கே இதில்தான் நிற்கிறது.

பார்வை அளவு. நம் ஊரில் மீட்டர் கணக்கில் 6/6, 6/12 என்று எழுதுவார்கள். இங்கே அடிக் கணக்கு. 6/6 என்றால் 20/20, 6/12 என்றால் 20/40. கண் டாக்டருக்கு இது தெரியும். ஆனால் கோப்பு முதலில் ரெக்ரூட்டர் கையில்தான் போகிறது. முகப்புப் பக்கத்தில் நீங்களே மாற்றி எழுதிவிடுங்கள்.

சொட்டு மருந்து. இதில் மாட்டிக்கொண்டவர்கள் அதிகம். அச்சடித்த டிஸ்சார்ஜ் சீட்டில், எல்லோருக்கும் போடுகிற மாதிரி, கண் வறட்சிக்கான சொட்டு மருந்தைத் தொடரவும் என்று ஒரு வரி இருக்கும். எப்போது நிறுத்த வேண்டும் என்று இருக்காது. படிப்பவர் நீங்கள் இன்னும் மருந்து போடுவதாகவே எடுத்துக்கொள்வார். எப்போது நிறுத்தினீர்கள் என்பதை அந்த மருத்துவமனையோ இங்கே உள்ள டாக்டரோ எழுத்தில் சொல்ல வேண்டும்.

பதிவுகள் அழிந்துவிட்டன என்று சொன்னால் என்ன செய்வது? பதிவு இல்லை என்பதையே லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். அப்புறம் பழைய கண்ணாடிக் கடை பில், பழைய பவர் சீட்டு, எதுவானாலும் தேடுங்கள். அறுவைக்கு முன் போட்டிருந்த கண்ணாடி வீட்டு அலமாரியில் கிடந்தால் அது பொக்கிஷம். கண் பவர் பார்க்கும் எந்த ஆப்டோமெட்ரிஸ்ட்டும் கருவியில் வைத்து அதன் பவரைப் படித்து எழுதிக் கொடுத்துவிடுவார். மருத்துவமனைச் சீட்டுக்கு இணையாகாது, ஆனால் வெறுங்கையோடு போவதற்கு இது எவ்வளவோ மேல்.

செலவு: என் மருத்துவமனையில் நகல் எடுக்கச் சில நூறு ரூபாய்தான் ஆனது. ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பினால் போதும், கூரியர் தேவையில்லை. ஆனால் அசல் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும்.

இங்கேயே அறுவை செய்தவர்களுக்கு வேலை சுலபம். மருத்துவப் பதிவுகளுக்கான ஹிப்பா சட்டப்படி நீங்கள் கேட்ட 30 நாளுக்குள் பதிவுகளைத் தர வேண்டும். நகலுக்கு நியாயமான கட்டணம் மட்டுமே வாங்கலாம். பெரும்பாலும் நோயாளி தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், ஆனால் அங்கே சுருக்கம்தான் இருக்கும். அறுவைக் குறிப்பைத் தனியாகக் கேளுங்கள்.

4. இங்கே இரண்டு கண் பரிசோதனைகள்

அறுவைக்குப் பின் பவர் நிலைத்துவிட்டது என்பதைக் காட்ட இரண்டு பரிசோதனைகள் வேண்டும். முதலாவது, அறுவை முடிந்து குறைந்தது 90 நாளுக்குப் பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது ஒரு மாதம் வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் ஸ்பியரில் 0.50-க்கு மேல் போகக் கூடாது.

லேசிக் செய்து பல வருஷம் ஆனவர்கள்கூட இதை விட்டுவிடக் கூடாது. கையில் பழைய பரிசோதனை எதுவும் இல்லையென்றால் இன்றைக்கு ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று என்று எடுத்துவிடுங்கள். ரெக்ரூட்டர் கேட்கட்டும் என்று காத்திருந்தால் அங்கேயே ஒரு மாதம் போய்விடும்.

ஆப்டோமெட்ரிஸ்ட் போதும், பெரிய சர்ஜன் வேண்டாம். ஆனால் கண்ணாடிச் சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். முழுப் பரிசோதனைக் குறிப்பு வேண்டும். அதில் லென்ஸ்களை மாற்றி மாற்றிக் காட்டிப் பவர் பார்க்கும் மேனிஃபெஸ்ட் ரிஃப்ராக்‌ஷன், கண்ணாடியோடும் இல்லாமலும் பார்வை, ஸ்லிட் லாம்ப் என்கிற ஒளிக்கீற்று நுண்ணோக்கிப் பரிசோதனையில் கருவிழி எப்படி இருக்கிறது என்பது எல்லாம் இருக்கட்டும். டாக்டர் தன் லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கக் கடிதமும் தந்தால் நல்லது: கருவிழி தெளிவாக இருக்கிறது, மருந்து எதுவும் இல்லை, இரவில் கண் கூசுதல், ஒளிவட்டம் போன்ற தொந்தரவு இல்லை, பவர் நிலையாக இருக்கிறது. உண்மையில் தொந்தரவு இருந்தால் அதை மறைத்து எழுதச் சொல்லக் கூடாது. இருப்பதை இருக்கும் அளவோடு எழுதட்டும்.

மைனஸ் பவர் அதிகமாக இருந்தவர்கள் இன்னொன்றும் செய்யுங்கள். லேசிக் கருவிழியைத்தான் மாற்றுகிறது. கண் நீண்டு விழித்திரை மெலிந்திருப்பதை அது மாற்றுவதில்லை. அதனால் 8-க்கு மேல் இருந்தவர்களின் கோப்பைப் படிக்கும் டாக்டருக்கு வரும் அடுத்த சந்தேகம் விழித்திரையைப் பற்றியதுதான். சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனையைச் செய்து, ஓட்டையோ கிழிசலோ இல்லை என்று எழுதி வாங்கிக் கோப்பில் முன்கூட்டியே வையுங்கள். இது வேவருக்காக மட்டும் அல்ல, உங்கள் கண்ணுக்கே அவசியம். கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்கு இதே இடத்தில் டோபோகிராஃபி. முன்பு எடுத்ததும் இப்போது எடுத்ததும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், நோய் நின்றுவிட்டதா என்பது படம் பார்த்தே தெரியும்.

செலவு: கண் இன்ஷூரன்ஸ் பொதுவாக வருஷத்துக்கு ஒரு பரிசோதனைக்குத்தான் பணம் தரும். இரண்டாவது உங்கள் கையிலிருந்து. இன்ஷூரன்ஸ் இல்லாமல் போனால் கண்ணாடிக் கடைகளோடு சேர்ந்த கிளினிக்குகளில் நூறு டாலருக்குச் சற்று முன்பின் ஆகும். டோபோகிராஃபிக்குத் தனிக் கட்டணம், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

5. படிவத்தில் மறைக்காதீர்கள்

டிடி 2807-2 என்ற மருத்துவ வரலாற்றுப் படிவத்தை ரெக்ரூட்டர் தருவார். கண் அறுவை, லேசர் சிகிச்சை பற்றிய கேள்வி அதில் இருக்கும். "அதுக்கு நோ போட்டுடு, வேலை சீக்கிரம் முடியும்" என்று யாராவது சொல்லலாம். நண்பர்கள் சொல்வார்கள், சில நேரம் சொல்லக் கூடாதவர்களும் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

லேசிக்கில் கருவிழியில் வெட்டிய மடல் ஸ்லிட் லாம்ப்பில் பார்க்கும் டாக்டருக்குத் தெரியும். கருவிழியின் வரைபடம் எடுத்தால் பிஆர்கேயும் தெரியும். 2022-இல் மெப்ஸ் மையங்களில் ஜெனிசிஸ் என்ற மின் பதிவு முறை வந்துவிட்டது. இங்கே நீங்கள் டாக்டரைப் பார்த்தது, மருந்து வாங்கியது எல்லாம் அதில் தெரிய வாய்ப்பு உண்டு. ஊர் மருத்துவமனைப் பதிவு அதில் வராதே என்று நினைக்கலாம். ஆனால் இங்கே உள்ள டாக்டரிடம் நீங்களே "இந்தியாவில் லேசிக் செய்தேன்" என்று சொல்லியிருப்பீர்கள், அது அவர் குறிப்பில் இருக்கும்.

தெரிந்தே பொய் சொல்லிச் சேர்வது ராணுவச் சட்டம் 104ஏ பிரிவில் குற்றம். கையெழுத்துப் போடுவது நீங்கள், மாட்டப்போவதும் நீங்கள்தான், சொல்லிக் கொடுத்தவர் அல்ல. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கும் கிரீன் கார்டுக்காரருக்கு இது இன்னும் ஆபத்து.

"யெஸ்" என்று குறித்துவிட்டு, விளக்கப் பகுதியில் சுருக்கமாக எழுதுங்கள்: என்ன அறுவை, எந்தக் கண்கள், எந்த மாதம் எந்த வருஷம், எங்கே, இப்போது பார்வை எவ்வளவு, மருந்து இல்லை. ஐந்தாறு வரி போதும். கோப்பில் உள்ள தேதியும் இதில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

6. கோப்பை எப்படிக் கொடுப்பது

வேவருக்கு நீங்கள் நேராக விண்ணப்பிக்க முடியாது. ரெக்ரூட்டர் மூலம்தான் போகும். அதனால் அவருக்கு வேலையைச் சுலபமாக்குங்கள். எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி ஒரே பிடிஎஃப் ஆக்குங்கள். ஃபோனில் எடுத்த கோணல் படங்கள் வேண்டாம், நூலகத்தில் ஸ்கேன் செய்துகொள்ளலாம். முதல் பக்கத்தில் ஒரு அட்டவணை: தேதி, கண், ஸ்பியர், சிலிண்டர், ஸ்பெரிக்கல் ஈக்விவலன்ட், பார்வை. அறுவைக்கு முன் ஒரு வரி, பின் வந்த ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு வரி. அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே, என் வலக்கண் 0.125 மட்டுமே தாண்டியிருந்தது, அறுவைக்குப் பின் பவர் அசையவே இல்லை என்று தெரிந்துவிடும். டாக்டர் கையெழுத்து புரியாத இடங்களில் மேலே எழுதித் திருத்தாதீர்கள். தட்டச்சு செய்த சுருக்கத்தை மருத்துவமனையிலேயே கேட்டு வாங்குங்கள்.

உங்கள் சார்பில் ஒரு பக்கக் கடிதம் எழுதலாம். நாட்டுப்பற்று பற்றிய பத்திகள் டாக்டருக்கு உதவாது. கண்ணாடி இல்லாமல் இரவில் கார் ஓட்டுகிறேன், தூசியில் வேலை செய்கிறேன், ஓடுகிறேன், நீந்துகிறேன் என்று கண்ணின் வேலையைச் சொல்லுங்கள்.

இந்த வேலையில் எந்த இடத்திலும் கட்டணம் கிடையாது. பணம் கொடுத்தால் வேவர் வாங்கித் தருகிறேன் என்று யார் வந்தாலும் விலகிவிடுங்கள்.

7. மெப்ஸில் என்ன நடக்கும்

காகிதங்களை மெப்ஸ் டாக்டர் முதலில் படிப்பார். மூன்றில் ஒன்று நடக்கும்: பரிசோதனைக்கு வரலாம் என்பார், இன்னும் காகிதம் கேட்பார், அல்லது தகுதி இல்லை என்பார். தகுதி இல்லை என்ற வார்த்தையைப் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள். விதியில் உள்ளதை அப்படியே எழுதுவதுதான் அவர் வேலை. வேவர் தருவது அவர் கையில் இல்லை, வேவர் கேட்கும் வழியே இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 180 நாள் ஆகாதது போன்ற காரணமாக இருந்தால் தற்காலிகத் தகுதியின்மை என்று போட்டு, எப்போது திரும்பி வரலாம் என்று தேதி தருவார்கள்.

பரிசோதனை நாளில் தூரப் பார்வை, கிட்டப் பார்வை, நிறப் பார்வை எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியையும் சீட்டையும் எடுத்துப் போங்கள். காண்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வடிவத்தைச் சற்று மாற்றும். எத்தனை நாள் முன்பே கழற்ற வேண்டும் என்று ரெக்ரூட்டரிடம் கேளுங்கள், கெட்டி லென்ஸுக்குக் கூடுதல் நாள் வேண்டும். முந்தைய இரவு ஹோட்டலில் ஃபோனைப் பார்த்துக்கொண்டே கிடக்காமல் தூங்குங்கள். விடியும் முன்பே எழுப்பிவிடுவார்கள். களைத்த கண்ணில் ஒரு வரி குறைத்துப் படித்தால் அதுவும் பதிவாகிவிடும். தேவைப்பட்டால் வெளியே ஒரு கண் நிபுணரிடம் அனுப்புவார்கள். தங்குமிடம், சாப்பாடு, அந்த நிபுணர் கட்டணம் எல்லாம் அரசுச் செலவு.

8. காத்திருப்பு

வேவர் கோரிக்கை நீங்கள் சேர விரும்பும் படையின் மருத்துவ அலுவலகத்துக்குப் போகும். ஆர்மி என்றால் கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள ஆள்சேர்ப்புத் தலைமையகம். நேவிக்கும் ஏர்ஃபோர்ஸுக்கும் அவரவர் அலுவலகம் தனி. ராணுவக் கல்லூரிகளுக்கும் கல்லூரியில் படித்தபடியே அதிகாரிப் பயிற்சி பெறும் ஆர்ஓடிசி உதவித்தொகைக்கும் விண்ணப்பிப்பவர்களுக்கு இந்த வழியே அல்ல, டாட்மெர்ப் என்ற வேறு அமைப்பு.

சில வாரங்களில் வரலாம், சில மாதங்களும் ஆகலாம். கூடுதல் காகிதம் கேட்டு வந்தால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டு உடனே அனுப்புங்கள். ரெக்ரூட்டரிடம் வாரம் ஒருமுறை குறுஞ்செய்தியில் கேளுங்கள், "கோரிக்கை அனுப்பியாகிவிட்டதா, எந்தத் தேதியில்?" என்று. அனுப்பாமலே மேசையில் கிடக்கும் கோப்புகள் உண்டு. அவர் மாற்றலாகிப் போனால் புதியவரிடம் முழுக் கோப்பையும் மறுபடி கொடுங்கள்.

இந்த இடைவெளியில் வேலையை விட்டுவிடாதீர்கள், வாடகை வீட்டைக் காலி செய்யாதீர்கள், ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிடாதீர்கள். ஓட்டத்தையும் ஏஎஸ்விஏபி என்ற ராணுவ நுழைவுத் தேர்வுப் படிப்பையும் மட்டும் விடாமல் தொடருங்கள்.

9. மறுத்துவிட்டால்

காரணத்தைக் கேளுங்கள். எந்த விதி எண், எந்தக் குறை என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்பது புரியும். காகிதம் போதாமல் மறுத்திருந்தால் புதிய பரிசோதனையோடு மறுபடி கேட்கச் சொல்லலாம். அதே காகிதத்தை மறுபடி அனுப்பிப் பயனில்லை.

ஒரு படை மறுத்தால் இன்னொரு படையும் மறுக்கும் என்று இல்லை. ஒவ்வொன்றும் தன் தேவைக்கேற்ப முடிவு செய்கிறது. ஆனால் அடுத்த படையின் ரெக்ரூட்டரிடம் முதல் மறுப்பைச் சொல்லிவிட்டே தொடங்குங்கள், மெப்ஸ் பதிவு எல்லாப் படைக்கும் பொதுதான். கெரட்டோகோனஸ் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னால் மட்டும், வேறு படை தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் கண்ணுக்கு வைத்தியம் பாருங்கள்.

10. கிடைத்த பிறகு

சேர்வதற்கான வேவர் எல்லா வேலைக்கும் செல்லாது. விமானம் ஓட்டுவது, சிறப்புப் படைகள் போன்றவற்றுக்குத் தனிக் கண் விதிகள், தனிப் பரிசோதனை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், தேர்ந்தெடுத்த வேலைக்கு உங்கள் கண் பொருந்துகிறதா என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து பயிற்சிக்குக் கிளம்பும் நாள்வரை கண்ணில் எந்தப் புது சிகிச்சையும், மீதிப் பவருக்காக இரண்டாவது லேசரும், செய்துகொள்ளாதீர்கள். செய்தால் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கண்ணில் அடிபட்டாலோ பார்வை மாறினாலோ ரெக்ரூட்டரிடம் உடனே சொல்லுங்கள்.

அடிப்படைப் பயிற்சியில் காண்டாக்ட் லென்ஸ் போட விட மாட்டார்கள். கண்ணாடி தேவைப்படுபவர்களுக்கு அங்கேயே பரிசோதித்துத் தருவார்கள். போய்ச் சேர்ந்ததும் கண்ணை மறுபடி பார்ப்பார்கள், லேசிக் பற்றி மறுபடி கேட்பார்கள். வேவர் அனுமதிக் கடிதத்தின் நகலையும் முதல் பக்க அட்டவணையையும் பையில் மற்றக் காகிதங்களோடு வைத்திருங்கள். முழு பிடிஎஃப் வீட்டில் யாரிடமாவது இருக்கட்டும், கேட்டால் அவர்கள் அனுப்புவார்கள்.